வாசகர் கேள்வி பதில்: ஜாவாவில் கால் ஹெக்டேர் நஞ்சை

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து தோல், ஷூ கம்பெனி வேலைக்கு இந்தோனேசியா போனவர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மகன் நடு ஜாவாவில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அங்கேயே ஒரு உள்நாட்டுக் கிராமத்தில் பெண் எடுத்துக் குடியிருக்கிறான். மாமனார் ஊரில் கால் ஹெக்டேர் நஞ்சை விலைக்கு வருகிறதாம். விற்பவர் 'லெட்டர் சி' என்ற காகிதமும் வரி ரசீதும் காட்டுகிறார். மகன் பெயரில் கிரையம் பண்ணலாமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: முடியாது. 1960-ஆம் வருட அடிப்படை நிலச் சட்டப்படி, 'ஹாக் மிலிக்' என்கிற முழு உரிமை தனி ஆட்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். மச்சான் பெயரில் வாங்கிக்கொண்டு, பணம் என்னுடையது என்று தனியாக எழுதி வைப்பவர்கள் உண்டு. சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது.

மருமகள் பெயரில் வாங்குவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் சேரும் சொத்து இருவருக்கும் பொது என்கிறது 1974 திருமணச் சட்டம். அப்படியானால் பாதி வெளிநாட்டுக்காரருக்குப் போனதாகக் கணக்கு. ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைக் கைமாற்றியாக வேண்டும். இதைத் தவிர்க்க, அவரவர் சொத்து அவரவருக்கு என்று நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும். முன்பெல்லாம் தாலி ஏறுமுன் எழுதினால்தான் செல்லும். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இது முடிந்திருக்கட்டும். அப்புறம் அந்த வயல் முழுக்க மருமகளுடையது. அதற்கு உங்கள் வீட்டில் சம்மதம் இல்லையென்றால் இதோடு விட்டுவிடுவது நல்லது.

இனி அந்தக் காகிதம். லெட்டர் சி என்பது கிராம அலுவலகத்தின் வரிப் பதிவேடு. அதிலிருந்து எடுத்த சீட்டை 'கிரிக்', 'பெத்தோக்' என்று ஊருக்கொரு பெயரில் சொல்வார்கள். நம்மூரில் பட்டா இல்லாமல் கிஸ்து ரசீதை மட்டும் நீட்டினால் எப்படியோ, அப்படித்தான். 2021-இல் வந்த 18-ஆம் எண் அரசு விதி, இந்தப் பழைய காகிதங்களை ஐந்து வருடத்துக்குள் பதியச் சொன்னது. கெடு 2026 பிப்ரவரி. அதற்கு மேல் அவை உரிமைச் சான்று ஆகாது, விசாரணைக்கு ஒரு துப்பு மட்டுமே.

ஆகவே சான்றிதழ் வாங்கும் வேலையை விற்பவர் தலையிலேயே போடுங்கள். ஊர் முழுவதையும் ஒன்றாக அளந்து பதியும் 'பெத்தேஎஸ்எல்' திட்டம் அங்கே நடந்தால் செலவு சொற்பம். முன்தயாரிப்புக்காகக் கிராமம் வசூலிக்கும் தொகைக்கு ஜாவாவில் 2017-இல் வைத்த உச்சவரம்பு 1,50,000 ரூபியா. பக்கத்து வயல்காரர்களைக் கூட்டி நிறுத்தி மூலைக்கு மூலை எல்லைக்கல் நடுவது நிலத்துக்காரர் பொறுப்பு. பிறகு அளப்பார்கள், 14 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். பெரும்பாலும் சிக்குவது வாரிசில்தான். பதிவேட்டில் இன்னும் தாத்தா பெயரே இருக்கும். பேரப்பிள்ளைகளில் ஒருவர் சுமத்ராவின் லாம்புங் பக்கம் குடியேறியிருப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், விலை ஏறியபின் வந்து நிற்பார்.

சான்றிதழை நில அலுவலகத்தில் சரிபார்த்தபின், 'பேபேஆதே' எனப்படும் பத்திர அதிகாரி முன் கிரையம். விற்பவரின் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இரண்டு பேர். விற்பவருக்கு விலையில் 2.5 சதவீதம் வரி. வாங்குபவருக்கு, மாவட்டம் தரும் கழிவு போக மீதியில் 5 சதவீதம் வரை. பெயர் மாற்றம் முடிந்தால்தான் வேலை முடிந்தது. 10,000 ரூபியா ஸ்டாம்பு ஒட்டிய கைரசீதோடு நின்றுபோன கிரையங்கள் அங்கே ஏராளம். கால் ஹெக்டேர் என்பது நம் கணக்கில் சுமார் 62 சென்ட், அரைக் காணிக்குச் சற்றுக் குறைவு.

கேள்வி: எங்கள் சம்பந்தி 4 வருடம் முன்பு தன் வயலை 3.5 கோடி ரூபியாவுக்குப் போக்கியம் போலக் கொடுத்தார். பணம் கொடுத்தவர்தான் பயிர் வைக்கிறார். மீட்க எங்களிடம் முழுப் பணமும் கேட்கிறார்கள். (ஆரணி வாசகர்)

பதில்: கொடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். இதை அங்கே 'காதாய்' என்பார்கள். நம் போக்கியத்தில் முதல் அப்படியே நிற்கும். அங்கே 1960-ஆம் வருட 56-ஆம் எண் சட்டப்படி அது வருடாவருடம் கரையும். ஏழரையிலிருந்து ஓடிய வருடத்தைக் கழித்து, அதைப் பணத்தால் பெருக்கி, ஏழால் வகுக்க வேண்டும். உங்கள் கணக்கில் 3.5 பெருக்கல் 3.5 கோடி, வகுத்தல் 7. வருவது 1.75 கோடி, சரியாகப் பாதி. ஏழு வருடம் தாண்டிவிட்டால், நிற்கும் பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள் பைசா வாங்காமல் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும்.

சட்டம் இப்படி இருக்க, ஊர் வழக்கத்தில் முழுப் பணம் கேட்பது இன்னும் உண்டு. கிராமத் தலைவர் முன் வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஆரம்பித்த தேதி எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நாலு வருடம் இரண்டாகிவிடும்.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு அங்கே போகிறேன். ஊர் நடைமுறை என்ன? (போளூர் வாசகி)

பதில்: போன 24 மணி நேரத்துக்குள் 'எர்த்தே' எனப்படும் தெருத் தலைவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள் அம்மா. சந்தையைக் கிழமை வைத்துத் தேடாதீர்கள். பொய்கை மாட்டுச்சந்தை என்றால் செவ்வாய். ஜாவாவில் லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன் என்று ஐந்து நாள் சுற்று. போன் சந்தை ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடும், கிழமை மாறிக்கொண்டே போகும்.

கேள்வி: மனைக்கட்டோடு ஒரு பழைய தேக்குத் தூண் வீடு வருகிறது. நிலத்தை வாங்கினால் வீடும் சேர்த்திதானே? (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: சேர்த்தி என்று எழுதினால்தான் சேர்த்தி. அங்கே ஊர் வழக்கில் மண் வேறு, மேலே நிற்பது வேறு. ஒருவர் மனையில் இன்னொருவர் வீடு கட்டிக் குடியிருப்பதும், மர வீட்டைக் கழற்றித் தனியாக விற்பதும் சகஜம். தூண், உத்திரம், ஓடு, கிணறு, தென்னை என்று ஒவ்வொன்றாகப் பத்திரத்தில் வரட்டும்; குடியிருப்பவர் யார், எந்தத் தேதியில் காலி செய்கிறார் என்பதும் வரட்டும்.

கேள்வி: மருமகள் பெயரில் உள்ள வயலை வாரத்துக்கு விடுகிறோம். எப்படிப் பங்கு போடுவது? (குடியாத்தம் வாசகர்)

பதில்: பாதிக்குப் பாதி என்றால் 'மாரோ', மூன்றில் ஒரு பங்கு என்றால் 'மெர்தெலு'. 1960-ஆம் வருட 2-ஆம் எண் சட்டம், விதை, உரம், நடவு, அறுப்புச் செலவு கழித்த மீதியைத்தான் பங்கு போடச் சொல்கிறது. நிலவரியை உழுபவர் தலையில் கட்டக் கூடாது. ஒப்பந்தம் கிராமத் தலைவர் முன் எழுத்தில் இருக்க வேண்டும். நஞ்சைக்குக் குறைந்தது 3 வருடம், புஞ்சைக்கு 5.

நிற்கும் பயிரை மொத்தமாகப் பேசி வாங்கும் 'பெனெபாஸ்' வியாபாரி வந்தால் முழுப் பணமும் அறுப்புக்கு முன் கைக்கு வரட்டும். அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்தால், மழையில் பயிர் சாய்ந்த மறுநாள் விலையைக் குறைக்க வருவார். 2025 ஜனவரியில் அரசு வைத்த கொள்முதல் விலை, அறுத்த ஈர நெல்லுக்குக் கிலோ 6,500 ரூபியா. பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

தண்ணீர் விடுபவர் 'உலு-உலு', நம் ஏரிக் கம்புகட்டி போல. அவருக்குரிய நெல்லை யார் பங்கிலிருந்து அளப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.