செவியும் கிவியும்: ஒரு கணித மாணவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

நெல்லையில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மொழியியல் பிடிக்கும். மரபணு வரிசைகளைக் கணக்கால் ஆராய்வதும் பிடிக்கும். "ரெண்டு படகில் கால் வைக்காதே" என்கிறார் எங்கள் பேராசிரியர். வீட்டிலோ பி.எட். முடி என்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து பிழைத்தவர் யாராவது உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. டேவிட் சான்காஃப், கனடாக்காரர். 1969-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப்பொருள், மொழிகளின் வரலாறு. அப்புறம் நெடுங்காலம் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வு மையம், 2002 முதல் ஒட்டாவா பல்கலைக்கழகம். கவனியுங்கள், சம்பளம் கணிதத்தில்தான் வந்தது. அதனால் உங்கள் வீட்டார் சொல்வதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். 'வருகிறேன்' என்பதை எழுதி, அதன் கீழே 'வர்றேன்' என்று எழுதுங்கள். வ-வுக்கு வ. ரு, ர் ஆகிவிட்டது. கி உதிர்ந்துவிட்டது. றேன் அப்படியே இருக்கிறது. எதற்கு எது நேர் என்று நமக்குப் பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட இரண்டு மூலக்கூறு வரிசைகளைக் கொடுத்தால்? எல்லா வழிகளையும் முயன்று பார்க்க ஆயுள் போதாது. சின்னத் துண்டுகளுக்கு விடை கண்டு, அட்டவணையில் குறித்துக்கொண்டு, அதை வைத்துப் பெரிய துண்டுக்குப் போக வேண்டும். இந்த முறையில் அவர் 1972-ல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். அதில் வரும் எழுத்து பேச்சின் ஒலியா, உயிரணுவில் உள்ள ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறின் துணுக்கா என்பது கணக்குக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய 1975 வேலை. இன்றைய வரிசைகளும் அவற்றின் வம்ச மரமும் கையில் இருக்கின்றன. மூதாதையிடம் எந்த எழுத்து இருந்திருக்கும்? இதைத் திராவிட மொழிகளில் வைத்துப் பாருங்கள் (உதாரணம் என்னுடையது). தமிழில் செவி, தெலுங்கில் செவி, கன்னடத்தில் கிவி. ஓட்டு எடுத்தால் சகரம்தான் ஜெயிக்கும். மொழியியலாளர்களோ மூலத்தில் இருந்தது ககரம் என்கிறார்கள். எ, இ போன்ற உயிர்களுக்கு முன்னால் ககரம் சகரமாவது சுலபம், திரும்பி வருவது கடினம் என்பதே காரணம். சான்காஃப் முறை இதற்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி விலை வைத்து, மொத்தச் செலவு குறைவாக வரும் மூதாதையைத் தேடலாம். இன்று உயிர்த்தகவலியல் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை) வகுப்புகளில் அவர் பெயராலேயே இதைச் சொல்லித்தருகிறார்கள்.

1985-ல் ஆர்.என்.ஏ. எப்படி மடிகிறது என்பதையும் வரிசைகளின் ஒப்பீட்டையும் ஒரே கணக்காகப் போட்டார். இரண்டு வரிசைகளின் நீளம் இருமடங்கானால் வேலை 64 மடங்கு ஆகும்! அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'மூலவரிசை' என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. 'மூலத் திராவிடம்' என்பதில் உள்ள அதே மூலம். எனக்கு அதில் மொழியியல் வாசனைதான் அடிக்கிறது.

இதற்கிடையே மான்ட்ரியலில் 120 பேரின் பிரெஞ்சுப் பேச்சைப் பதிவு செய்த 1971 ஆய்வில் அவரும் இருந்தார். ஒரே ஆள் ஓர் ஒலியை ஒரு சமயம் சொல்வார், ஒரு சமயம் விழுங்குவார். நாம் வருகிறேன், வர்றேன் இரண்டையும் சொல்வதில்லையா? அதை அசட்டை என்று தள்ளாமல், எந்தச் சூழலில் எவ்வளவு நிகழ்தகவு என்று கணக்கிட 1974-ல் ஹென்ரியேட்டா செடர்கிரெனுடன் வழி செய்தார். ஹென்ரியேட்டா மொழியியலாளர். ஆர்.என்.ஏ. வேலையில் கூட இருந்த ராபர்ட் செடர்கிரென் உயிர்வேதியியலாளர். துறை தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சான்காஃப் எல்லாம் செய்தார். உங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. 1990-ல் ஷானா பாப்லாக், ஸ்வாதி வன்னியராஜன் இருவருடனும் சேர்ந்து அவர் நம் தமிழைப் பற்றியே எழுதியிருக்கிறார். 'ஃபேனைப் போடு', 'ஆபீஸுக்குப் போறேன்' என்கிறோமே, அங்கே நாம் ஆங்கிலத்துக்குத் தாவுகிறோமா, இல்லை அந்தச் சொல் தமிழாகிவிட்டதா? 'புத்தகம் வாங்கினேன்' என்றும் சொல்லலாம், 'புத்தகத்தை வாங்கினேன்' என்றும் சொல்லலாம். வேற்றுமை உருபு ஏறுவதிலும் விடுபடுவதிலும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்ச் சொற்களைப் போலவே நடக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தார்கள். நடந்தன. ஒருவர் ஒரே ஒரு தடவை சொன்ன ஆங்கிலச் சொல்கூட, அந்த வாக்கியத்தின் அளவில் கடன் வாங்கிய தமிழ்ச் சொல்தான் என்று முடித்தார்கள்.

தேடிப் படியுங்கள். புள்ளியியல் பகுதி உங்களுக்குச் சுலபமாக இருக்கும். எனக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது.