மெதுவான சத்தம் கேட்டா தலையில சிலுசிலுன்னு ஓடுது, இது நரம்புக் கோளாறா?

இல்லங்க, கோளாறு இல்ல. யாராவது காதுகிட்ட குசுகுசுன்னு பேசினாலோ பேப்பர மெதுவா புரட்டினாலோ உச்சந்தலையில இருந்து பிடரி வழியா ஏதோ ஓடுது, சுகமா இருக்கு, ஆனா வெளிய சொல்ல வெக்கமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு ஏழெட்டு வயசுல இருந்தே இது உண்டு.

எங்க ஊரு திருவட்டாறு பக்கம். ஆச்சி திண்ணையில உக்காந்து பெட்டி முடைவா, பாதி காய்ஞ்ச குருத்தோலைய நகத்தால கிழிச்சு இழுக்குறப்ப சர்ர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் ஓலைக்குள்ள ஓலை நுழையற சரசரப்பு, அதக் கேட்டுட்டே பக்கத்துல படுத்திருந்தா பிடரியில ஆரம்பிச்சிரும். அதவிட பேன் பாக்குறப்பதான். மடியில தலைய வச்சிருப்பேன், "அனங்காத இரி மக்ளே"ன்னு தாழ்ந்த குரல்ல சொல்லிட்டு முடிய வகுந்து வகுந்து ஈர எடுத்து நகத்துல வச்சு நசுக்குவா, டிக், டிக்னு. பேனே இல்லாத நாளும் தலைய நீட்டிட்டு போய் நிப்பேன்.

காலேஜ் படிக்கும்போது ஒரு டாக்டர்கிட்ட சொன்னேன், நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி சத்து மாத்திரை எழுதித் தந்துட்டார். அதுல வந்த பயம் போக ரொம்ப வருஷம் ஆச்சு, அதனாலதான் உங்க கேள்வியப் பாத்ததும் எழுத உக்காந்தேன்.

இதுக்கு ஆட்டோனமஸ் சென்சரி மெரிடியன் ரெஸ்பான்ஸ், சுருக்கமா ஏஎஸ்எம்ஆர்னு (ASMR) பேரு. 2010ல ஜெனிஃபர் ஆலன்ங்கிற அமெரிக்கப் பெண் வச்சது, கூச்சப்படாம பேசணும்னா கேக்க டாக்டர் பாஷை மாதிரி ஒரு பேரு வேணும்னு யோசிச்சு வச்சாங்க. 2015ல பிரிட்டன்ல ஸ்வான்ஸி பல்கலைக்கழகத்துல எம்மா பாரட், நிக் டேவிஸ்னு ரெண்டு பேரு, இந்த உணர்வு இருக்குற 475 பேர்கிட்ட கேட்டு எழுதினாங்க. 75 சதவீதம் பேருக்கு கிசுகிசுப்புதான் தூண்டுது, 69 சதவீதம் பேருக்கு யாராவது நம்மள தனியா கவனிச்சுப் பாத்துக்கிறது. இதப் படிச்சப்ப எனக்கு ஆச்சி மடிதான் ஞாபகம் வந்துது, குரல், விரல், டிக் சத்தம் எல்லாமே அங்க ஒண்ணா இருந்துச்சுல்ல. அந்த ஆய்வுல நிறைய பேரு இது 5ல இருந்து 10 வயசுக்குள்ளதான் முதல்ல வந்துதுன்னும் சொல்லியிருக்காங்க.

வாயால சொன்னது மட்டும்னா மனப்பிரமைன்னு தள்ளிரலாம். 2018ல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துல ஜூலியா போரியோ குழு 112 பேர லேப்ல உக்கார வச்சு, இந்த உணர்வத் தூண்டுறதுக்குன்னே எடுத்த வீடியோ காட்டி அளந்து பாத்தாங்க. உணர்வு வர்றவங்களுக்கு இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு சராசரியா 3 போல குறைஞ்சுது, ஆனா அதே நேரம் தோல்ல மின்கடத்தல் கூடிச்சு, அதாவது உடம்பு அடங்கவும் செய்யுது, உள்ள உணர்ச்சி எழும்பவும் செய்யுது. இந்த உணர்வு வராதவங்களுக்கு துடிப்பு அந்த அளவு குறையல. எங்க வீட்டுக்காரருக்கு அந்த மாதிரி ஒரு வீடியோவப் போட்டு ஹெட்செட் மாட்டி விட்டேன், "எதுக்கு இந்தப் பொண்ணு பிரஷ்ஷத் தடவிட்டே இருக்கா?"ன்னு கேட்டாரு, அவ்வளவுதான். எல்லாருக்கும் வராது.

பாட்டு கேட்டு புல்லரிக்குறது வேற. அது கையில முடி எழும்பி உடனே அடங்கிரும், இது நிமிஷக் கணக்கா நிக்கும்.

இன்னொண்ணு, இந்த உணர்வு இருக்குறவங்களுக்கு சில சத்தத்த தாங்கவே முடியாத மிசோஃபோனியாவும் கூடுதலா இருக்குறதா ஆய்வு உண்டு. அண்ணன் கட்டஞ்சாயாவ உறிஞ்சிக் குடிச்சா நான் எழும்பிப் போயிருவேன், உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தா ரெண்டும் சேந்தே வர்றதுன்னு வச்சுக்கோங்க.

தூக்கத்துக்கு வீடியோ போட்டா தாராளமா கேளுங்க, சவுண்ட கம்மியா வச்சு. ஆனா தூக்கமின்மைக்கோ மன அழுத்தத்துக்கோ இதுவே மருந்துன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த நேரத்து நிம்மதி கொஞ்ச நேரத்துல இறங்கிரும். எந்தச் சத்தமும் இல்லாம ஒரு பக்கமா மரத்துப் போறது, ஊசி குத்துற மாதிரி வலி, கை தளர்ச்சி இதெல்லாம் இருந்தா அது இது இல்ல, தாமதிக்காம நரம்பு டாக்டரப் பாருங்க.