யாரும் கால் வைக்காத இடம்

அன்புள்ள அண்ணன்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வயது 29. சிங்கப்பூரில், பொங்கோலில் அம்மாவுடன் இருக்கிறேன், சாங்கியில் வேலை. பல வருடக் கனவு ஒன்று உண்டு: மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட். விலுனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர் மணல்தடம். நண்பர்கள் நான்கு பேர், ஒரு வண்டி, மூன்று வாரம். யாரும் கால் வைக்காத இடத்தில் படுத்து வானத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வேலி, ஒரு கேமரா, மூச்சு முட்டுகிறது. தேசிய சேவையில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், ஷோல்வாட்டர் பேயில் ராணுவப் பயிற்சி எடுத்தவன் என்பதால் வெட்டவெளி எனக்குப் புதிதில்லை. நம் பாலைத்திணையும் இந்த ஏக்கத்தைத்தானே பாடுகிறது? அம்மாவிடம் சொன்னால் விடமாட்டார். பெர்த்துக்குச் சுற்றுலா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா, உண்மையைச் சொல்வதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ர., பொங்கோல்

*

அன்புள்ள ர.,

ஊர்சுற்றக் கிளம்புகிறவர்கள் யோசனை கேட்டு எழுதும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. எந்த மாதம் போகலாம், என்ன வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதக் காரணம், போன வாரம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து என் அத்தை மகன் போனில் பேசியது. வைகையில் ஊற்றுத் தோண்ட மணலே இல்லையாம், அள்ளி அள்ளிக் களிமண் தெரிகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றியே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து நிற்கிறது, அதில் ‘யாரும் கால் வைக்காத இடம்’ என்று ஒரு வரி.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். பாலைத்திணையை விட்டுவிடுங்கள். அதில் போகிறவன் பொருள் தேடி, போயே ஆகவேண்டும் என்று போகிறான். வானம் பார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு போனவன் ஒருவனும் அங்கே இல்லை. தீவு மூச்சு முட்டுவதற்கு என்னிடம் மருந்து கிடையாது, எனக்கும் சில நாள் முட்டும், புலாவ் உபினுக்குப் படகேறிப் போய் ஒரு இளநீர் குடித்துவிட்டு வருவேன். ஷோல்வாட்டர் பே? தம்பி, அங்கே உங்களுக்கான தண்ணீரை வேறு யாரோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வழி தவறினால் தேடுவதற்கு ஒரு படையே இருந்தது, நிஜமான படை. அம்மா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த ஒரு வரியை மட்டும் விட முடியவில்லை.

நீங்கள் போக ஆசைப்படும் தடம் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தீர்களா? மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, கிம்பர்லி பக்கத்து மாடுகளுக்கு உண்ணித் தொல்லை. கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனால் நோய் பரவும் என்று தடை போட்டுவிட்டார்கள். பாலைவனம் வழியாக நடத்திப் போனால் வறட்சியில் உண்ணி செத்துவிடும், தெற்கே தங்கச் சுரங்க ஊர்களில் இறைச்சிக்கு நல்ல விலையும் கிடைக்கும். இந்தக் கணக்கில்தான் 1906ல் ஆல்ஃபிரட் கேனிங் என்ற நில அளவையாளரை அனுப்பினார்கள். மாடு ஒரு நாள் நடக்கும் தூரத்துக்கு ஒரு கிணறு வேண்டும். அந்த மணலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேனிங்குக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்தவர்கள் அங்கேயே, தலைமுறை தலைமுறையாக, குடும்பம் குடும்பமாக இருந்தார்கள்: மார்ட்டு மக்கள், வல்மஜாரி மக்கள், இன்னும் பலர். அவர்களைப் பிடித்துச் சங்கிலியில் பிணைத்து, தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டும்வரை கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் குழுவின் சமையல்காரர் எட்வர்ட் பிளேக்குக்கே பொறுக்காமல் புகார் கொடுத்து, 1908ல் அரசு விசாரணை ஆணையம் ஒன்று உட்கார்ந்தது. சங்கிலி போட்டதை கேனிங் மறுக்கவில்லை. ஆணையம் அவர்மேல் குற்றமில்லை என்று அனுப்பிவிட்டது. அதே வருடம் அவரே திரும்பிப் போய்க் கிணறு வெட்ட ஆரம்பித்தார், 1910ல் முடித்தார். சுமார் 50 கிணறுகள். இன்று உங்களைப் போன்றவர்கள் ஐந்தாம் கிணறு, இருபத்துமூன்றாம் கிணறு என்று எண் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறீர்களே, அவைதான். ஒவ்வொன்றுக்கும் அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது.

அவற்றில் பல, அந்த மக்கள் தோண்டிக் குடித்துக்கொண்டிருந்த ஊற்றுகளின் மேலேயே வெட்டியவை. குழாயைத் திருகி வளர்ந்த உங்களுக்கு ஊற்று என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பத்தா கோடையில் வைகைக்குள் இறங்கினால் உடனே தோண்ட மாட்டாள். கொஞ்ச தூரம் நடப்பாள், காலால் மணலைத் தள்ளிப் பார்ப்பாள், ஏதோ ஒரு இடத்தில் உட்காருவாள். முழங்கை ஆழம் போனதும் மணல் நிறம் மாறிக் கறுக்கும். முதலில் கசிகிற கலங்கலைச் சிரட்டையால் அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும், அடுத்ததையும் கொட்டிவிட வேண்டும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அவசரப்பட்டால் ஓரத்து மணல் சரிந்து எல்லாம் பாழ். தெளிந்த பிறகு சிரட்டையைச் சாய்த்து, அடி மணலைத் தொடாமல், மேல்தண்ணீரை மட்டும் எடுத்து, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவாள். போனில் பேசினானே அந்த அத்தை மகன், ஒரு நாள் விளையாட்டாக ஊற்றுக்குள் காலை வைத்துவிட்டு வாங்கிய அடியை இன்றைக்கும் சொல்வான். கிளம்பும்போது கருவேல முள் ஒன்றை வெட்டி ஊற்றின்மேல் போட்டுவிட்டுத்தான் வருவாள், ஆடும் நாயும் கலக்கிவிடாமல் இருக்க. ஆஸ்திரேலியப் பாலைவனத்திலும் பாறைக்குழித் தண்ணீரைக் கல்லோ தழையோ வைத்து மூடிவிட்டுப் போவார்கள். அப்பத்தாவை அங்கே இறக்கிவிட்டிருந்தால் மொழி தெரியாமலேயே பேசிக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த ஊற்றின் மேல் ஒருவர் வந்து, சில இடங்களில் பல ஆள் ஆழத்துக்கு வெட்டி, உள்ளே மரம் அடுக்கி, மேலே கைப்பிடி சுற்றி இறைக்கும் உருளையும் பெரிய வாளியும் மாட்டி, இது மாட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார். 1929ல் கிணறுகளைப் பழுதுபார்க்கப் போன வில்லியம் ஸ்னெல் அங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு வாளியைக் கரையேற்ற மூன்று திடமான வெள்ளைக்காரர்கள் வேண்டும், உள்ளூர்க்காரர்கள் இறைக்கப் போய், பாரம் தாங்காமல் கைப்பிடியை விட்டு, அது சுழன்றடித்துக் கையும் தலையும் உடைந்திருக்கிறது என்று. கிணறுகளை அவர்கள் உடைத்துப் போட்டதற்குக் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. நாசவேலை என்று எழுதினார்கள் மற்றவர்கள். ஸ்னெல் ஏணி வைத்தார், அவர்களும் இறங்கித் தண்ணீர் எடுக்கட்டும் என்று. இத்தனை பாடும் எதற்காக? 1911 முதல் 1931 வரை அந்த வழியில் போன மாட்டு மந்தைகள் வெறும் எட்டு. எட்டே எட்டு, தம்பி.

சாகசக் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் கையை வைக்கிறார்கள். தண்ணீர் காட்டியவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு துணிச்சல்காரனும் ஒரு வெட்டவெளியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகில்தான் நீங்களும் விழுந்திருக்கிறீர்கள்.

தண்ணீர் தெரிந்தவர்களுக்குத்தான் நிலம் என்பதை அந்த மக்கள் பிறகு வழக்கிலேயே காட்டினார்கள். 1997ல் தங்கள் நிலவுரிமைக்குச் சாட்சியாக 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ஒரே துணியில் எல்லாரும் சேர்ந்து தங்கள் பாலைவனத்தை வரைந்தார்கள். ஙுர்ராரா ஓவியம் என்று பெயர். படம் முழுக்க ஊற்றும் சுனையும்தான். பேச முறை வந்தவர் எழுந்து போய், துணியில் தன் தண்ணீர் இருக்கும் இடத்தின்மேல் நின்றுகொண்டு சாட்சி சொன்னார். 2007ல் உரிமை கிடைத்தது. மார்ட்டு மக்களுக்கு 2002லேயே கிடைத்துவிட்டது. ஆகவே நீங்கள் போகப்போவது ஒருவர் வீட்டுக்கு. அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும், அதை வெறும் கட்டணமாக நினைத்து முகம் சுளிக்காதீர்கள். (என் மாமியார் 1963ல் இங்கே தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது வாளியோடு வரிசையில் நின்றவர். பாலைவனம் அழகு என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், பதில் எழுத முடியாத தமிழில் வரும்.)

போகாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. 29 வயதில் இப்படி ஒரு ஆசை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. இந்த வயதில் என்னோடு இருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்கடனைப் பற்றித்தான் கனவு கண்டார்கள்.

அம்மா. பொய் சொல்லக் கூடாது என்று நான் தர்மம் பேசப் போவதில்லை. எந்த நாள் எந்தக் கிணற்றருகே இருப்பீர்கள், எந்தத் தேதிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தாளில் எழுதி ஊரில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்த மாதிரி இடத்துக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் உங்கள் அம்மாதான். நீங்கள் பெர்த்தில் கங்காருவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தால் யார் யாரைக் கூப்பிடுவது? போய்ச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன துணிச்சல்? நடுவழியில் அச்சு முறிந்தால் பக்கத்தில் பட்டறையா இருக்கிறது? துணைக்கு இன்னொரு வண்டி தேடுங்கள். நான்கு பேரில் எத்தனை பேருக்கு தானியங்கி கியர் வண்டி ஓட்டும் கிளாஸ் 3ஏ உரிமம் மட்டும்தான், யாராவது டயர் காற்றை இறக்கி மணலில் ஓட்டியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மணல்மேடுகளே 900க்கு மேல். எதிரே மேடேறி வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக வண்டியில் உயரக் கம்பி நட்டுக் கொடி கட்டுகிறார்கள். ஸ்பினிஃபெக்ஸ் என்று ஒரு முள்புல், தடம் முழுக்க இருக்கும். அது வண்டிக்கு அடியில் சூடான புகைக்குழாயில் சேர்ந்து தீப்பிடித்து வண்டியே எரிந்து போவது அங்கே புதிதில்லை. ஒரு நாளைக்குப் பலமுறை நிறுத்தி, மணலில் மல்லாந்து படுத்து, கையை விட்டுப் பிடுங்கி எடுக்க வேண்டும், சலிப்பான வேலை, படத்தில் வராது. நால்வரில் அது யார் வேலை என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள், மற்றதை அப்போது பேசலாம்.