அம்மாவின் கொப்புளங்களுக்குக் கடலா காரணம்?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 47 வயது, கடலில் பாசி எடுக்கப் போகிறவர். ஐந்து மாதமாக வாய்ப்புண் ஆறவில்லை. அப்புறம் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம் வந்து, தொட்டாலே உடைந்து தோல் உரிகிறது. அம்மை என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் பூசினோம். பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து ‘பெம்பிகஸ்’ என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் நன்றாகக் குறைந்தது. ஆனால் முகம் ஊதுகிறது என்று அம்மா பத்து நாளாக நிறுத்திவிட்டார். கடல் தண்ணீர்தான் காரணமா? எங்களுக்கும் ஒட்டுமா? ‘தோலில் ஒட்டு விட்டுப்போச்சு’ என்று டாக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம்?

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்கும் அதே வகை ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். இன்றே அந்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முகம் ஊதுவது, அளவைக் குறைக்கக் குறைக்கச் சரியாகிவிடும். குறைப்பதை அவர்தான் செய்யவேண்டும்.

இனி ‘ஒட்டு’. தோலின் மேலடுக்கு முழுக்க உயிரணுக்கள்தான், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்கு நடுவில் சிமெண்ட் மாதிரி எதுவும் பூசியிருக்காது. ஒவ்வொரு அணுவின் மேலும் பிரஸ் பட்டன் மாதிரியான பிடிப்புகள் உண்டு, டெஸ்மோசோம் என்போம். இந்தப் பக்கத்து அணுவிலிருந்து நீளும் டெஸ்மோக்ளீன் என்ற புரதமும் அந்தப் பக்கத்திலிருந்து நீளும் புரதமும் கோத்துக்கொள்கின்றன. பெம்பிகஸில், கிருமியை அடிக்கவேண்டிய எதிர்ப்புப் பொருள் அந்த டெஸ்மோக்ளீனையே அடிக்கிறது. பிடி விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் ஆகிறது.

ஏன் வாயில் தொடங்கியது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பல பேர் இங்கேதான் மாதக்கணக்கில் ஏமாறுகிறார்கள். டெஸ்மோக்ளீனில் 1, 3 என்று இரண்டு வகை இதில் முக்கியம். வாயின் உள்தோல் பெரும்பாலும் 3-ஐத்தான் நம்பியிருக்கிறது. வெளித்தோலில் இரண்டும் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். அதனால் முதலில் வாய்ப்புண். 1-க்கும் எதிர்ப்பு வந்த பிறகுதான் உடம்பில் கொப்புளம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கு அடங்காத வாய்ப்புண் ஒரு மாதம் தாண்டினால் தோல் டாக்டரிடம் காட்டவேண்டும் என்பது என் கட்சி.

சதை எடுத்தார்களே, அதில் என்ன தெரியும்? அணுக்களுக்கிடையே பக்கவாட்டுப் பிடியும் மேல்பிடியும் போய்விட்டாலும், அடிவரிசை அணுக்கள் மட்டும் அடித்தளத்தை விடாமல் நிற்கும். பாடப்புத்தகம் இதைக் கல்லறை வரிசை என்கிறது. கீழக்கரைக்காரர்களிடம் மீசான் கல் வரிசை என்றால் உடனே புரியும். காரணம், அணு தன் அடித்தளத்தைப் பிடிக்கிற பிடிப்பு வேறு புரதங்களால் ஆனது. பாசி வேரில்லாமல் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறதே, அந்த மாதிரி. அந்தப் பிடியைத் தாக்குவது பெம்பிகாய்டு என்ற இன்னொரு நோய். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், கொப்புளம் தடித்து இறுக்கமாக, சட்டென்று உடையாமல் இருக்கும். இன்னொரு துண்டுக்குச் சாயம் ஏற்றி ஒளியில் பார்த்தால், பெம்பிகஸில் எதிர்ப்புப் பொருள் அணுக்களைச் சுற்றிப் பச்சையாக மீன்வலை போலத் தெரியும்.

கடல் இதற்குக் காரணமில்லை. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும்போது பாறை கிழித்து விரலில் வரும் காயம் வேறு, இது வேறு. சொல்லப்போனால் ஒட்டும் விஷயத்தில் கடலிடம் நாம் பாடம் படித்திருக்கிறோம். 1907-ல் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடற்பஞ்சு என்ற கடல்வாழ் உயிரினத்தை மெல்லிய பட்டுத்துணியில் பிழிந்து அணு அணுவாகப் பிரித்தார். அவை தண்ணீரில் ஊர்ந்து மறுபடி ஒன்றுசேர்ந்து கடற்பஞ்சாகின. கடல்நீரில் கால்சியம் இல்லாவிட்டால் அவை சரியாகச் சேர்வதில்லை என்பது பின்னால் தெரிந்தது. நம் டெஸ்மோக்ளீனும் கால்சியத்தை வைத்துத்தான் விறைப்பாக நிற்கிறது. அதற்காகக் கால்சியம் மாத்திரையில் தோல் ஒட்டிக்கொள்ளாது! அம்மாவுக்கு அதைக் கொடுப்பது, ஸ்டீராய்டில் எலும்பு தேயாமலிருக்க.

நோய்க்குக் கடல் காரணமில்லை என்றாலும், புண் முழுக்க ஆறும்வரை அம்மா கடலில் இறங்கவேண்டாம். திறந்த புண், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரிலுள்ள கிருமிகள், மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் விஷமேறும் அளவுக்குப் போகலாம். அவருக்கு அது பிழைப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன். வெயிலும் இந்த நோயைக் கிளறும், அதனால் கரையில் பாசி காயப்போடும் வேலையும் இப்போதைக்கு வேண்டாம்.

இந்த நோய் உங்களுக்கு ஒட்டாது. தட்டு, துணி, படுக்கை எதையும் பிரிக்கவேண்டாம். அம்மை இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும், ஐந்து மாதம் நிற்காது. வேப்பிலை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அரைத்துத் தேய்க்கிற தேய்ப்பிலேயே நல்ல தோலும் வழுக்கிக்கொண்டு வரும்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் இறந்துபோனார்கள். இப்போது அப்படியில்லை. மாதத்துக்கு மூன்று நாள் சொட்டுமருந்தாக ஸ்டீராய்டு ஏற்றி, கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தும் கொடுக்கும் முறையை 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா கொண்டுவந்தார். இன்று எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் அணுக்களையே குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் உண்டு. அதற்கு முன் காசநோய், மஞ்சள் காமாலைப் பரிசோதனைகள் செய்வார்கள். அம்மாவுக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடமே கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டு வந்தால் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சில பிரஷர் மாத்திரைகள்கூட இதைத் தூண்டுவதுண்டு.

வாய் ஆறும்வரை காரமும் கருவாடும் முறுக்கும் வேண்டாம். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், முள்ளெடுத்த மீன் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் நாற்றமடித்தாலோ, தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ மறுநாள் வரை பார்க்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.