கேத்தி ஸ்டேஷனில் ஸ்ரீதேவி

கேள்வி: எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள், ‘மூன்றாம் பிறை’யில் கமல் ஓடி விழுந்த இடம் எது என்றுதான் கேட்கிறார்கள். ஸ்ரீதேவி அந்தக் காட்சியில் ரயிலில் சும்மா உட்கார்ந்திருந்தவர்தானே? பம்பாய்க்குப் போன பிறகுதானே அவர் பெரிய நடிகை ஆனார்?
– வாசகர், கேத்தி

பதில்: சும்மாவா உட்கார்ந்திருந்தார்? மழையில், சேறு படிந்த முகத்தோடு, குரங்கைப் போல ஆடிக் காட்டி, தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டாளா என்று ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தவிக்கிறான். நினைவிழந்து குழந்தையாகிவிட்டவளாகப் படம் நெடுக ‘சீனு, சீனு’ என்று அவனையே சுற்றி வந்து, சுப்பிரமணி என்ற நாய்க்குட்டியைக் கொஞ்சிய அதே முகத்தில், நினைவு திரும்பி அந்த நாட்களை மறந்துவிட்ட இப்போது அவனை அறிந்த சாயல் துளியும் தெரியக் கூடாது; கண்ணில் ஒரு நொடி பழைய நினைவு மின்னியிருந்தால்கூட கமலின் அத்தனை தவிப்பும் வீணாகியிருக்கும். யாரோ ஒரு பித்தனைப் பார்ப்பதுபோல் அவர் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் நம் நெஞ்சை அறுக்கிறது. படம் வெளிவந்த 1982 பிப்ரவரியில் அவருக்கு வயது 18.

பம்பாய்தான் அவரை வளர்த்தது என்ற பேச்சோடு இந்தப் பக்கத்தில் நான் பல முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இப்போதும் நிற்கிறேன். சிவகாசி பக்கத்து மீனம்பட்டியில் 1963இல் பிறந்தவர், 1969இல் ‘துணைவ’னில் பால முருகனாக நின்றார், ‘மூன்று முடிச்சு’ வந்தபோது 13 வயது, மறு ஆண்டே ‘16 வயதினிலே’ மயில். பள்ளிக்கூட வயதெல்லாம் படப்பிடிப்பு விளக்குகளின் கீழே கழிந்த ஒரு பெண், நினைவிழந்து குழந்தையாகிவிட்டவளாக நீலகிரியில் துள்ளி விளையாடியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. அவர் 1979இல் இந்தியில் கதாநாயகியாக அறிமுகமானதே ‘16 வயதினிலே’யின் மறு ஆக்கத்தில்தான், 1983இல் வந்த ‘சத்மா’வும் ‘மூன்றாம் பிறை’யேதான். தமிழில் தேர்ந்த கலையைத்தான் அவர் அங்கே கொண்டு போனார்.

‘மூன்றாம் பிறை’க்காக கமலுக்கும், ஒளிப்பதிவுக்காக பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது, இருவருக்கும் தகும். ஸ்ரீதேவிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது 2018இல், ‘மாம்’ படத்துக்காக, அவர் மறைந்த பிறகுதான் அறிவிக்கப்பட்டது. ‘மூன்றாம் பிறை’க்கே அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த முறை கமல் விழுந்த இடத்தை யாராவது கேட்டால், ரயில் நின்ற இடத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.