முதல் நாவலே மாஸ்டர்பீஸா?

கேள்வி: புதிதாக வந்த ஒரு நாவலின் அட்டையில் ‘மாஸ்டர்பீஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். எழுதியவருக்கு அதுதான் முதல் நாவல். முதல் நாவலை அப்படிச் சொல்லலாமா? தமிழில் இதற்கு என்ன சொல்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் நாவல் என்பதில் தவறே இல்லை. அந்தச் சொல் பிறந்ததே அப்படித்தான். அட்டையில் அச்சடித்ததுதான் தவறு.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பொற்கொல்லர்களைப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒருவர் சொந்தமாகப் பட்டறை வைக்க வேண்டுமானால், நகர மன்றத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பொற்கொல்லர் அமைப்பின் முன் மூன்று பொருள்களைச் செய்து வைக்க வேண்டும். கல் பதித்த மோதிரம், முத்திரை அச்சு, கொலம்பைன் பூவின் வடிவில் ஒரு வெள்ளிக் கிண்ணம். மூன்றில் ஆளைத் திணறடிப்பது கிண்ணம்தான். தட்டையான தகட்டை அடித்து அடித்தே இதழ் இதழாகப் புடைக்க வைக்க வேண்டும். இடுப்பில் ஒடுங்க வேண்டும். வாயில் விரிய வேண்டும். ஓர் அடி பிசகினால் தகடு கிழிந்துவிடும். கைதேர்ந்த மூத்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தால்தான் அவர் ‘மாஸ்டர்’. தேறிய அந்தப் பொருளே மாஸ்டர்பீஸ். ஜெர்மன், டச்சு மொழிகளிலிருந்து ஏறக்குறைய 1600 வாக்கில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மனியில் தச்சர்கள் இன்றும் மாஸ்டர் தேர்வுக்கு ஒரு மரச்சாமானைச் செய்து காட்டுகிறார்கள்.

ஆக, அது வாழ்நாள் உழைப்பின் உச்சம் அல்ல, வாசற்படி. உச்சம் என்ற பொருள் பின்னால் ஏறியது. (ஆயுள் முழுக்க உழைத்த பெரும்படைப்பைச் சொல்ல லத்தீனில் ‘மேக்னம் ஓபஸ்’ என்று தனிச்சொல் உண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது.)

அந்தத் தேர்வு அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். மாஸ்டரின் மகனுக்கும் மாஸ்டரின் விதவையை மணந்தவனுக்கும் சலுகை காட்டிய ஊர்கள் உண்டு. ஆனாலும் செய்தவனே தன் பொருளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. நம்மூர் அரங்கேற்றமும் அதே ஏற்பாடுதான். புலவர்கள் அமர்ந்து கேட்டு, தடை எழுப்பி, அதற்கு விடை கிடைத்த பிறகுதான் நூலுக்கு நூல் என்ற மதிப்பு. பதிப்பகம் ஒருவரும் படிக்கும் முன்பே அட்டையில் முத்திரை குத்துவது அந்த மூத்தவர்களின் நாற்காலியில் தானே ஏறி உட்கார்வது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, அந்த இளம் எழுத்தாளருக்காகவும்.

தமிழில் ‘தலைசிறந்த படைப்பு’ என்றே எழுதுங்கள். பிரெஞ்சுக்காரர்களும் ‘ஷெ தூவ்ர்’ (chef-d'œuvre) என்று தலையைத்தான் வைக்கிறார்கள். அதிலுள்ள chef என்றால் தலை. ஹோட்டல் சமையலறையில் செஃப் என்கிறோமே, அதே சொல்.

நாவலை வாங்கிவிட்டீர்களா? படித்துவிட்டு எழுதுங்கள். எந்த இடத்தில் தகடு கிழிந்திருக்கிறது, எந்த இதழ் புடைத்து நிற்கிறது என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள், வெளியிடுகிறேன்.