பாலிக்கு எட்டு நாள் போகிறோம். ருபியாவை எங்கே மாற்றுவது, கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது?

கணவன் மனைவியாக எட்டு நாள் பாலி போகிறோம், டாலரை இந்தோனேசியப் பணமான ருபியாவாக எங்கே மாற்றலாம், கார்டு மட்டும் போதுமா, ஒரு நாளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023-ல் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் ஒன்பது நாள் அங்கே இருந்தோம். அந்தப் பயணத்தில் எங்களுக்கு வீணாய்ப் போன பணம் எல்லாமே நோட்டு மாற்றிய இடத்தில்தான் போனது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாலியின் கூட்டா பகுதியில் ஒரு சந்து. வரிசையாக மணி சேஞ்சர் பலகைகள். நல்ல கடைகளில் ஒரு டாலருக்கு 15,200 ருபியா என்று போட்டிருந்தார்கள். சந்துக்குள் நினைவுப்பொருள் விற்கும் ஒரு சின்னக் கடையில் மட்டும் 15,500, கமிஷன் கிடையாது. நான் 200 டாலர் கொடுத்தேன். 31 லட்சம் ருபியா வர வேண்டும். அந்த ஆள் எல்லாவற்றையும் 20,000 ருபியா நோட்டுகளாகவே எடுத்தார். மொத்தம் 155 நோட்டு. மேஜையில் பத்துப் பத்தாக அடுக்கினார், நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. பிறகு "ஒருமுறை நானும் சரிபார்த்துவிடுகிறேன்" என்று கட்டை வாங்கி, மேஜை விளிம்பில் தட்டி ஒழுங்குபடுத்தி, சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். அறைக்கு வந்து அம்மா எண்ணியபோது 135 நோட்டுதான் இருந்தது. நாலு லட்சம் குறைவு. தட்டி ஒழுங்குபடுத்திய அந்த ஒரு நொடியில் இருபது நோட்டு மேஜைக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. நல்ல கடையை விட அறுபதாயிரம் கூடக் கிடைக்கும் என்று போய் நாலு லட்சத்தை விட்டுவிட்டு வந்தோம்.

எனவே எண்ணிய பணம் மறுபடி கடைக்காரர் கைக்குப் போகவே கூடாது. கடைசியாக எண்ணுவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். அவர் திரும்ப வாங்கினால், நீங்களும் திரும்ப முதலிலிருந்து எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை உங்கள் டாலரைக் கையிலேயே வைத்திருங்கள். மொத்தத் தொகையை உங்கள் போனில் போட்டுப் பார்த்துவிடுங்கள், அவர்கள் கால்குலேட்டரை நம்ப வேண்டாம். 50,000, 1 லட்சம் நோட்டுகளாகக் கேளுங்கள். சின்ன நோட்டாகத்தான் தருவேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள், கூச்சப்படத் தேவையில்லை. உரிமம் பெற்ற கடைகளில் அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியா தரும் 'பிவிஏ பெரிசின்' என்ற பச்சை முத்திரை ஒட்டியிருக்கும். உள்ளே கண்ணாடித் தடுப்பு, கேமரா, அச்சடித்த ரசீது எல்லாம் இருக்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட கடைக்கு மட்டும்தான் போனோம், ஒரு ருபியாகூடக் குறையவில்லை.

டாலர் கொண்டுபோனால், விமான நிலையத்தில் மாற்ற ஒரு 50 டாலர் நோட்டு தவிர, மற்றதை 100 டாலர் நோட்டாகவே கொண்டுபோங்கள். 1, 5, 10 டாலர் நோட்டுகளுக்கு விலை குறைத்துத் தருவார்கள். நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல், பேனாக் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்த நோட்டை வாங்க மாட்டேன் என்பதும் அங்கே சகஜம். ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோனால் போதும்.

அடுத்தது பூஜ்யங்கள். ருபியா என்ற சொல்லும் நம் ரூபாயும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவைதான், ஆனால் மதிப்பு வேறு உலகம். முதல் இரண்டு நாள் தலை சுற்றும். 'ரிபு' என்றால் ஆயிரம், 'ஜுத்தா' என்றால் பத்து லட்சம். இந்த இரண்டு சொல் தெரிந்தால் சந்தையில் பேசிவிடலாம். உணவகப் பட்டியலில் 45 என்று மட்டும் இருந்தால் 45 ஆயிரம் என்று பொருள். சிவப்பு நோட்டு ஒரு லட்சம், நீலம் ஐம்பதாயிரம், பச்சை இருபதாயிரம், ஊதா பத்தாயிரம். இரவு வெளிச்சத்தில் பத்தாயிரத்துக்குப் பதில் ஒரு லட்சத்தை நீட்டிவிடும் ஆபத்து உண்டு. தங்கை சிவப்பையும் நீலத்தையும் பர்ஸின் ஒரு பக்கத்திலும் மற்றதை இன்னொரு பக்கத்திலும் வைத்தாள். அப்புறம் குழப்பமே வரவில்லை. 2,000, 5,000 நோட்டுகளைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள். ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் அதுதான் கேட்பார்கள், ஒரு லட்சத்துக்குச் சில்லறை இருக்காது.

ஏ.டி.எம். பயன்படுத்தலாம், நாங்கள் பாதிப் பணத்தை அப்படித்தான் எடுத்தோம். வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரமாகப் பாருங்கள். தெருவோரத்தில் தனியாக நிற்பதில் கார்டு விவரம் திருடும் கருவி பொருத்தியிருக்க வாய்ப்பு அதிகம். இயந்திரத்தின் மேல் 50,000 அல்லது 100,000 என்று ஒட்டியிருக்கும், அது எந்த நோட்டாகத் தரும் என்று பொருள். 100,000 போட்டிருப்பதில் ஒரே தடவையில் அதிகம் எடுக்கலாம், அதனால் உங்கள் வங்கி தடவைக்கு இவ்வளவு என்று பிடிக்கும் கட்டணம் மிச்சமாகும். முக்கியமாக, அங்கே பல இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு கடைசியில்தான் வரும். பணத்தை எடுத்த சந்தோஷத்தில் கார்டை விட்டுவிட்டு நடந்துவிடாதீர்கள்.

ஏ.டி.எம்.மிலும் கடைகளின் கார்டு இயந்திரத்திலும் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா?" என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி ருபியாவையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கி போடுவதை விட அநேகமாக எப்போதும் மோசமாக இருக்கும். டாலராகவே கொடுக்கலாமா என்றும் யோசிக்க வேண்டாம். இந்தோனேசியாவின் 2011 நாணயச் சட்டப்படி உள்ளூர்க் கொடுக்கல் வாங்கல் ருபியாவில்தான் நடக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடைகளில் 'கியூரிஸ்' என்ற கியூஆர் குறியீட்டைத் தங்கள் வங்கிச் செயலியாலேயே ஸ்கேன் செய்து கட்டலாம்.

ஓரளவு பெரிய உணவகங்களிலும் விடுதிகளிலும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள், இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரை போகும். கார்டு கொடுத்தால் சில இடங்களில் அதற்கு மேல் 3 சதவீதம் கேட்பார்கள். உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி பட்ஜெட். அம்மா ஒன்பது காகித உறை வாங்கி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, தங்கும் செலவு தவிர மூன்று பேருக்கு நாளுக்கு 9 லட்சம் என்று ஒதுக்கினார். சாப்பாடு, தண்ணீர், கோயில் நுழைவுச்சீட்டு, பக்கத்தில் போய்வருவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் அடுத்த நாள் உறைக்குப் போகும். மூன்றாம் நாளே எந்த வேகத்தில் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. செயலியில் குறித்துவைப்பதை விட இது எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் உறை மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது. டிரைவரோடு நாள் முழுக்க எடுத்த காருக்கு மட்டும் தனியாக நாளுக்கு 7 லட்சம் வைத்தோம்.

இந்தக் கணக்கு உடையும் இடம் பக்கத்துத் தீவான நூசா பெனிடா. பாலியின் சானூர் கடற்கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், கெலிங்கிங் பாறையைப் பார்க்காமல் வர மனசு வராது. போய்வரப் படகு தலைக்கு மூன்றரை லட்சம், அங்கே கார் 6 லட்சம். மூன்று பேருக்குச் சாப்பிடும் முன்பே 16.5 லட்சம் ஆகிவிட்டது. அங்கே ஏ.டி.எம். குறைவு, இருப்பதிலும் பணம் தீர்ந்திருக்கலாம், அதனால் முழுத்தொகையையும் சானூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெனிடாவுக்கென்று தனி உறை போட்டுவிட்டு மற்ற நாட்களைக் கணக்கிடுங்கள்.

உங்கள் தேதி மார்ச்சில் விழுந்தால் பாலி இந்துக்களின் புத்தாண்டான நியெப்பி நாள் எப்போது என்று பாருங்கள். அன்று 24 மணி நேரம் தீவே மௌனம். விமான நிலையம் உட்பட எல்லாம் மூடியிருக்கும், தெருவில் நடக்கவும் அனுமதி இல்லை. பணமும் சாப்பாட்டு ஏற்பாடும் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் இரண்டு பேர் கணக்கு. நாளுக்கு 7 லட்சம் என்றால் எட்டு நாளுக்கு 56 லட்சம். மூன்று நாள் கார் 21 லட்சம். பெனிடா 13 லட்சம். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டவரிடம் தலைக்கு 1.5 லட்சம் சுற்றுலா வரி வாங்குகிறார்கள், அது 3 லட்சம். புறப்படும் முன்பே இணையத்தில் கட்டிவிடலாம். ஆகக் கூடி 93 லட்சம். என் விலையெல்லாம் 2023-ஐச் சேர்ந்தவை என்பதால் ஒரு கோடி ருபியா என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் விசா வாங்க வேண்டிய நாட்டவர் என்றால் தலைக்கு 5 லட்சம் இதற்கு மேல். விமான நிலையத்தில் 50 டாலர் மட்டும் மாற்றுங்கள், விடுதிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட அது போதும். மற்றதை மறுநாள் காலை, பயணக் களைப்பு தீர்ந்த பிறகு, வெளிச்சத்தில் உட்கார்ந்து எண்ணி வாங்குங்கள்.